தம்பிராஜா ஸ்பெஷல்

மலாக்காவில் காஜா பெராங்கிலிருந்து யார் கோலாலம்பூருக்குக் கிளம்பினாலும் முதலில் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாரைக் கும்பிடுவார்கள், அப்புறம் தம்பிராஜாவைப் பார்ப்பார்கள். வழியில் ஒன்றும் ஆகாமல் இருக்கப் பிள்ளையார். போய்ச் சேர்ந்த இடத்தில் மூட்டைப்பூச்சி கடிக்காமல் இருக்கத் தம்பிராஜா. கேட்டதற்குப் பிள்ளையார் பதில் சொல்வதில்லை. தம்பிராஜா கேட்காததற்கும் சொல்லுவான்.

பஸ் கம்பெனியில் டிக்கெட் கொடுக்கிற வேலை அவனுக்கு. கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அதிலிருந்த ஓட்டை வழியாக டிக்கெட்டையும் யோசனையையும் சேர்த்தே வெளியே தள்ளுவான். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் பஸ் போய்விடுமே என்று தவிப்பார்கள். தவிக்கட்டும், அவனுக்கென்ன?

“அண்ணே, உங்களுக்கு வெந்நீர் முக்கியமா, தூக்கம் முக்கியமா? அத மொதல்ல சொல்லுங்க. வெந்நீர்னா பூடு ரோட்டு லாட்ஜு. ஆனா கீழ மாஜோங் சூதாட்டம் ஆடுவாங்க, விடிய விடிய கட்டைய உருட்டுவாங்க. தூக்கம்னா பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு மெஸ்ஸு இருக்கு. பச்சத்தண்ணிதான். ரெண்டும் வேணும்னா பெரிய ஹோட்டலுக்குப் போங்க. பக்கத்து ரூம்ல வெள்ளைக்காரன் இருப்பான், நீங்க நிம்மதியா இருமக்கூட முடியாது.”

சாப்பாட்டுக் கடைகளைப் பற்றிக் கேட்டால் இன்னும் மோசம். “அந்தக் கடையில தோசை வேணாம், சட்னி முந்தாநாள் அரைச்சது. எதுத்தாப்ல உள்ள கடையில இட்லி பிரமாதம். ஆனா மொதலாளி கல்லாவுல உக்காந்துகிட்டு, நீங்க எத்தனை இட்லி முழுங்குறீங்கன்னு வாய்விட்டு எண்ணுவாரு. மானஸ்தனா இருந்தா போகாதீங்க.”

கேட்டவர்கள் சொக்கிப்போவார்கள். இந்த மனுஷன் கோலாலம்பூரில் எத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினானோ என்று நினைப்பார்கள்.

ஆனால் தம்பிராஜா கோலாலம்பூரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவனுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. பக்கத்து ஊர் செங் தாண்டினால் தலை சுற்றும், ஆலோர் காஜா வந்தால் குடல் வாய்க்கு வந்துவிடும். அதற்கு அந்தப் பக்கம் உலகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. போய்விட்டுத் திரும்புகிறவர்களைப் பிடித்து வைத்துக் குடைவான். எங்கே தங்கினீங்க, என்ன சாப்பிட்டீங்க, படுக்கை எப்படி, பக்கத்து ரூமில் யாரு? திங்கட்கிழமை அவர்கள் கக்கியதை வெள்ளிக்கிழமை மற்றவர்களுக்குத் தான் அனுபவித்த மாதிரி எடுத்து விடுவான். அவ்வளவுதான் வித்தை.

அவன் உயர்வாகச் சொல்கிற ஒரே இடம் பத்து ரோட்டுக்குப் பின் சந்தில் இருந்த கலியாண பவன். மேலே ரூம், கீழே சாப்பாடு. அந்தக் காலத்தில் அந்த மாதிரித் தமிழ் லாட்ஜுகளில் வெளியூர்க்காரன் போய் நின்றால், காசு இருக்கா என்று கேட்கமாட்டார்கள். “யார் அனுப்பினது?” என்று கேட்பார்கள். சொல்ல ஒரு பேர் இல்லையென்றால் வாசலோடு சரி. அதனால் தம்பிராஜா டிக்கெட்டைத் தள்ளும்போதே, “மலாக்கா தம்பிராஜா அனுப்பினாருன்னு சொல்லுங்க, ராஜ உபசாரம்தான்” என்று ஒரு போடு போடுவான். என்ன ஆச்சரியம், உபசாரம் நிஜமாகவே நடந்தது. போனவர்கள் வந்து சொன்னார்கள். அவனுக்கே அது எப்படி என்று புரியவில்லை. புரியாத நல்ல காரியத்தைக் கிளறக்கூடாது என்று விட்டுவிட்டான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குக் குறுக்கே வந்தவள் அவன் பெண்டாட்டி சந்திரமதி.

சந்திரமதி, பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் வந்து ஊறிப்போன தமிழர் வம்சம், காஜா பெராங்கின் கம்போங் செட்டிப் பெண். கோயில், விரதம், பொட்டு எல்லாம் தமிழ். வாயைத் திறந்தால் மலாய். கட்டுவது சாரோங் கெபாயா. தம்பிராஜாவுக்கும் அவளுக்கும் கல்யாணமாகி எட்டு மாதம். வீட்டில் இருவரும் பேசுவது மலாயில்தான், அதைத் தமிழில் போட்டுத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. அவனை ‘அபாங்’ என்று அன்பாகக் கூப்பிடுவாள். கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு மாறுவாள். கோயில் வகுப்பில் கற்ற தமிழ். ஒவ்வொரு சொல்லாக அளந்து வைத்து, “என்னங்க” என்று ஆரம்பித்தாள் என்றால் தம்பிராஜா செருப்பைத் தேடுவான்.

அவள் அப்பா தெய்வநாயகம் பிள்ளைக்கு மாப்பிள்ளையின் வாயைக் கண்டாலே ஆகாது. “இவன் வாய்க்குத் தனியா ஒரு டிக்கெட் வாங்கணும்” என்பார். கல்யாணப் போட்டோவைப் பார்க்கிற போதெல்லாம் சிரிப்பார். சிரிக்க விஷயம் இருந்தது. கல்யாணத்தன்று பெண்வீட்டு விருந்தில் தேங்காய்ப்பாலில் கத்திரிக்காய் போட்டுச் சமைத்திருந்தார்கள். தம்பிராஜாவுக்குக் கத்திரிக்காய் சேராது. மாமியார் மனம் நோகுமே என்று தின்றுவைத்தான். உதடு இரண்டும் வாழைப்பூ மாதிரி வீங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் போட்டோக்காரன் வந்துவிட்டான். ஊருக்கெல்லாம் குளவி கொட்டிவிட்டது என்று சொல்லிவைத்தார்கள். பரிமாறின சந்திரமதிக்கும் அவள் வீட்டாருக்கும்தான் உண்மை தெரியும்.

மலாயாவுக்குச் சுதந்திர நாள் ஐம்பத்தேழு ஆகஸ்ட் முப்பத்தொன்று, சனிக்கிழமை என்று வந்ததும் ஊரே பெட்டி கட்ட ஆரம்பித்தது. கவுண்டரில் கூட்டம் தாங்கவில்லை. தம்பிராஜா தொண்டை கட்டும்வரை ரூம் ரூமாக வர்ணித்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். சந்திரமதி காப்பியை வைத்தாள்.

“அபாங், ஊரையே அனுப்பிட்டீங்க. நாம எப்போ போறோம்?”

காப்பி புரையேறியது. “நாமளா? இந்தக் கூட்டத்துலயா? ரூமே கெடைக்காது.”

“உங்களுக்கா கெடைக்காது? பூடு ரோட்டு லாட்ஜு?”

“ராத்திரி பூரா மாஜோங் சத்தம்.”

“பரவால்ல. சுதந்திரம் வர்ற அன்னிக்கு யாரு தூங்கப் போறா?”

“அங்க படிக்கட்டு வேற செங்குத்தா இருக்கும். புடவை தடுக்கும்.”

“நான் எப்போ புடவை கட்டினேன்? போன மாசம் எங்க பெரிய மாமாவ அங்கதானே அனுப்பினீங்க. அவருக்கு ரெண்டு முட்டியும் வலி. அவர் ஏறின படியில நான் ஏறமாட்டேனா?”

“பிரிக்ஃபீல்ட்ஸ் மெஸ்ஸுன்னா... மூட்டைப்பூச்சி.”

“நேத்துதான் ஒருத்தர்கிட்ட, மல்லிகைப்பூ வாசம் வீசும், தலகாணியில தலைய வச்சா தூக்கம்னு சொன்னீங்க. நான் சாப்பாடு கொண்டு வந்தப்போ பின்னால நின்னு கேட்டேன்.”

இருந்த இடங்களையெல்லாம் அவன் ஊராருக்குப் புகழ்ந்த வாயாலேயே இகழ்ந்து தள்ள, அவள் ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்தினாள்.

“அப்போ கலியாண பவன். அதுக்கு என்ன கொறை சொல்லப் போறீங்க?”

அதற்குக் குறை கண்டுபிடிக்க அவன் மூளை மறுத்துவிட்டது. அந்த இடத்தைப் பற்றி நல்லதைத் தவிர அவன் நாக்கு எதையும் பழகியதில்லை.

“எங்கப்பா உங்களை அளப்பு மன்னன்கிறார்” என்றாள் சந்திரமதி, காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டே. “நான்தான், இல்லப்பா, அவர் நெசமாவே எல்லாம் பார்த்தவர், என்னையும் கூட்டிட்டுப் போய்க் காட்டுவார்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

போவது என்று முடிவாயிற்று. 

வெள்ளிக்கிழமை காலை பஸ் புறப்பட்டது. தம்பிராஜா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தவன் எடுக்கவில்லை. செங்கில் வேர்த்தது. ஆலோர் காஜாவில் டிரைவரைக் கெஞ்சி இறங்கி, ஒரு ரப்பர் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். தம்பின் ஊரில் மறுபடி. சிரம்பானுக்குப் போய்ச் சேர்ந்தபோது வயிற்றில் எடுக்க ஒன்றும் மிச்சமில்லை. சந்திரமதி அவனைப் பெஞ்சியில் உட்காரவைத்துச் சோடா வாங்கிக் கொடுத்தாள். முதுகைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

“ஒவ்வொரு தடவையும் இப்படித்தானா? பாவம், எப்படித்தான் அடிக்கடி போய் வந்தீங்களோ.”

அந்த ‘பாவம்’தான் அவனை உடைத்துவிட்டது. திட்டியிருந்தால் இன்னும் இரண்டு புளுகு புளுகியிருப்பான்.

“சந்திரா, நான் போனதே இல்ல.”

“எங்க?”

“கோலாலம்பூருக்கு. ஒரு தடவைகூட இல்ல. கலியாண பவன் கெழக்க பாத்து இருக்கா, மேற்க பாத்து இருக்கான்னுகூட எனக்குத் தெரியாது. எல்லாம் மத்தவங்க வாயால கேட்டது.”

அவள் அவனையே பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “போகட்டும் லா. ரெண்டு பேருக்கும் இதுதான் மொதல் தடவை, அது இன்னும் நல்லது. ஊர்ல யார்கிட்ட வேணா அளந்துக்குங்க. என்கிட்ட மட்டும் பொய் சொல்லாதீங்க, அபாங். அது ஒண்ணுதான் என்னால தாங்க முடியாது.”

“சத்தியமா சொல்லமாட்டேன்” என்றான் தம்பிராஜா. வயிறும் நெஞ்சும் ஒரே சமயத்தில் காலியாகி, பிறந்த பிள்ளை மாதிரி லேசாக இருந்தது. அப்புறம் கோலாலம்பூர் வரை அவள் தோளில் சாய்ந்து தூங்கினான்.

நகரம் தோரணமும் கொடியுமாகத் திமிலோகப்பட்டது. கேட்டுக் கேட்டுச் சந்தைக் கண்டுபிடித்து, கலியாண பவன் வாசலில் போய் நின்றார்கள். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. எல்லாம் மலாக்கா முகங்கள், எல்லாம் அவன் அனுப்பியவை. நடுவில், காஜா பெராங்கில் அவர்கள் தெருவிலேயே இருக்கிற சாரதாம்பாள் ஒரு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு சங்கதி போனால் சாயங்காலத்துக்குள் ஊர்க்கோடி ஆயர் குரோ வரைக்கும் போய்விடும்.

மேசைக்குப் பின்னால் முதலாளி கலியாணசுந்தரம். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், சிவந்த மேனி, பெரிய தொந்தி. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“ரூம் இல்லை சார். மாடிப்படிக்குக் கீழேகூட ஆள் படுத்திருக்கு.”

“கொஞ்சம் பாருங்க. மலாக்காவுலேர்ந்து வர்றோம். என் பேரு தம்பிராஜா.”

சாரதாம்பாள் விசிறியை நிறுத்தினாள். “அட, நம்ம தம்பி! ஏன் மொதலாளி, அவரைத் தெரியாதா உங்களுக்கு? நான் ஒன்பதாம் நம்பர் கேட்டப்போ, அது தம்பிராஜா ரூம், அவர் எந்த நேரமும் வருவார், வேற யாருக்கும் கிடையாதுன்னு அடிச்சுச் சொன்னீங்களே!”

கலியாணசுந்தரத்தின் முகத்தில் ஒரு கணம் அசடு வழிந்தது. மறுகணம் அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து தம்பிராஜாவைக் கட்டிக்கொண்டார்.

“வாங்கோ வாங்கோ! வெயில்ல வந்தேன், கண்ணு மங்கிப் போச்சு. உங்களைத் தெரியாமல் இருக்குமா! மாசா மாசம் வர்ற மனுஷர்! டேய், ஐயாவுக்கு ஒன்பதைத் திற! போன தடவை மாதிரியே ரெண்டு தலகாணி போடு!”

மறுத்தால் ரூம் இல்லை, ராத்திரி தெருவில். ஊரே வேறு பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பிச் சந்திரமதியைப் பார்த்தான். அவள் முகத்தில் சிரம்பானில் பார்த்த சிரிப்பின் சுவடே இல்லை.

ரூம் கதவைச் சாத்தினதும் அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“என்னங்க” என்றாள்.

தம்பிராஜாவின் கண் செருப்பைத் தேடியது.

“மாதா மாதம் வருகிறீர்களாம். இரண்டு தலையணையாம். ஒன்று உங்களுக்கு. மற்றது யாருக்கு?”

“ஐயோ, அந்தாளு புளுகுறாரு சந்திரா! நான் இந்த எடத்தப் பாத்ததே இல்ல.”

“அவர் ஏன் புளுக வேண்டும்? புளுகுவது உங்கள் தொழில் என்று எங்கள் அப்பா சொன்னார். நான்தான் நம்பவில்லை. போனதே இல்லை என்று சிரம்பானில் எதை மறைக்கச் சொன்னீர்கள் என்று இப்போதுதான் புரிகிறது.” அவிழ்க்காத பெட்டியைக் கதவுப் பக்கம் நகர்த்தினாள். “நாளைக்கு முதல் பஸ்ஸில் நான் ஊருக்குப் போகிறேன். அப்பா வீட்டுக்கு.”

சோதனையைப் பாருங்கள். ஆயுசு பூராவும் பொய் சொன்னபோது ஊரே நம்பியது. ஒரே ஒரு நாள், ஒரே ஒருத்தியிடம் உண்மையைச் சொன்னான், அது பொய்யாகிவிட்டது. தம்பிராஜாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ரூம் போகட்டும், பேரும் புகழும் நாசமாய்ப் போகட்டும், இவள் போய்விட்டால் அந்தக் கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து யாருக்காக அளப்பது? கீழே ஓடினான்.

கலியாணசுந்தரத்தைச் சமையல்கட்டுக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கையைப் பிடித்தான். “ஏன்யா என் குடியக் கெடுக்கிறீங்க? நான் எப்போய்யா இங்க வந்தேன்?”

“நீங்க வரலேன்னு எனக்குத் தெரியாதா?” என்று அவர் கிசுகிசுத்தார். “வர்ற மலாக்காக்காரா அத்தனை பேரும் உங்க பேரைச் சொல்றா. பெரிய மனுஷர் போலிருக்குன்னு நானும், ஆமா, இங்கதான் தங்குவார், இதுதான் சாப்பிடுவார்னு ரெண்டு வார்த்தை சேர்த்துண்டேன். வியாபாரம் சார். இன்னிக்கு அந்த ரூமைக் கடைசி நேரத்துல யாராவது பெரிய கையா வந்தாக் கொடுக்கலாம்னு பூட்டி வச்சேன். அந்தம்மா கேட்டா, உங்க பேரைச் சொல்லித் தப்பிச்சேன். நீங்களே வந்து நிப்பேள்னு கனவா கண்டேன்?”

“இதையே என் பெண்டாட்டிகிட்ட வந்து சொல்லுங்க.”

“இவ்வளவுதானே? இதோ.”

நல்ல மனுஷர்தான், உடனே மாடியேறி வந்தார். ஆனால் காலமெல்லாம் பொய்யை அலங்காரம் பண்ணிப் பழகின வாய். உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்திலும் அதுவே வந்தது.

“அம்மா, ஐயா இங்கே வந்ததே கிடையாது. சத்தியமா கிடையாது. அதுவும் தனியாத்தான்... அதாவது, வந்திருந்தாலும் தனியாத்தான் வந்திருப்பார். பொம்மனாட்டி யாரையும் நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் சொல்லமாட்டேன். எங்க லாட்ஜ் அப்படி, ரொம்பக் கட்டுப்பாடு.”

“நன்றி” என்றாள் சந்திரமதி. கதவு அவர் மூக்குக்கு நேராகச் சாத்திக்கொண்டது.

சாயங்காலம் சாப்பாட்டுக்குப் போகமாட்டேன் என்றுதான் இருந்தாள். சாரதாம்பாள் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கீழே நீள நீளமான பெஞ்சிகள், வாழையிலை. வெள்ளிக்கிழமையாதலால் சைவம். சுவரில் ஒரு கரும்பலகை. அதில் சாக்கட்டியால் கொட்டை எழுத்தில், ‘மலாக்கா தம்பிராஜா ஸ்பெஷல்’ என்று எழுதியிருந்தது. 

சந்திரமதி அதைப் படித்தாள். அதற்கப்புறம் அவன் பக்கம் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

பரிமாறுகிறவன் ஒரு பெரிய கிண்ணத்தைக் கொண்டுவந்து தம்பிராஜா இலையருகே வைத்தான். “ஐயாவோட வழக்கம். எப்போ வந்தாலும் ரெண்டு கிண்ணம் காலி பண்ணுவாரு.”

“ஆமா, நாங்களும் அதான் கேட்டோம்” என்றாள் சாரதாம்பாள். “தம்பிக்குப் புடிச்சதுன்னா சும்மாவா!”

தம்பிராஜா எழுந்து நின்றான். இலையில் சோறு ஆவி பறந்தது. “எல்லாரும் கேளுங்க. நான் இங்க வந்ததே இல்ல. கோலாலம்பூரையே இன்னிக்குத்தான் பாக்கறேன். உங்ககிட்ட இத்தனை நாள் நான் சொன்னதெல்லாம் கப்சா!”

அடுத்த நொடி கூடமே கொல்லென்று சிரித்தது. “பாத்தீங்களா தம்பி தன்னடக்கத்த!” என்றாள் சாரதாம்பாள். யாரோ கை தட்டினார்கள். “ஐயா எப்பவும் இப்படித் தமாஷ் பண்ணுவார்” என்றார் கலியாணசுந்தரம், நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு. 

சந்திரமதி சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பிராஜா தொப்பென்று உட்கார்ந்தான். இனி என்ன சொல்லி என்ன பண்ண? அப்போதுதான் கிண்ணத்தைப் பார்த்தான். எண்ணெயில் பளபளவென்று, காம்போடு, முழுசு முழுசாகக் கத்திரிக்காய். மார்க்கெட்டில் அடிமாட்டு விலைக்குக் கிடைப்பதைத்தான் கலியாணசுந்தரம் அவன் தலையில் கட்டியிருந்தார். அந்த வாசனைக்கே அவன் தொண்டை அரித்தது. ஆனால் அவன் முகம் மலர்ந்தது. பிள்ளையாரே நேரில் வந்த மாதிரி அந்தக் கத்திரிக்காயைப் பார்த்தான்.

ஒன்றை எடுத்து வாயில் போட்டான். இன்னொன்றைப் போட்டான். சோறுகூடப் பிசையாமல் கிண்ணத்தைக் கையில் தூக்கிவைத்துக்கொண்டு தின்றான். “அடேயப்பா, ஆசையப் பாரு” என்று பக்கத்தில் இருந்தவர்கள் வியந்தார்கள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. நாக்கு தடித்தது. அவன் நிறுத்தவில்லை.

“ஐயையோ! தம்பி வாயப் பாருங்களேன்!” என்று சாரதாம்பாள் அலறினாள்.

சந்திரமதி திரும்பினாள். கல்யாணப் போட்டோவில் பார்த்த அதே உதடு. கீழ் உதடு தொங்கி, மேல் உதடு மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், கரும்பலகையைப் பார்த்தாள். எப்போ வந்தாலும் ரெண்டு கிண்ணம்! அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று தம்பிராஜா பயந்தான். சிரம்பானில் சிரித்த அதே சிரிப்பு, இந்தத் தடவை கண்ணீரோடு சேர்ந்து வந்தது.

“சுக்கூப், அபாங், சுக்கூப்! போதும்!” கிண்ணத்தைப் பிடுங்கித் தூர வைத்தாள். “நம்பிட்டேன். இன்னும் ஒண்ணு தின்னா செத்தே போயிருவீங்க.”

இதற்குள் கூடத்தில் கலவரம். “சாப்பாட்டுல என்னமோ கலந்திருக்கு! யாரும் தொடாதீங்க!” என்று சாரதாம்பாள் கத்த, இலையில் வைத்த கைகள் எல்லாம் அந்தரத்தில் நின்றன. கலியாணசுந்தரத்தின் முகம் வெளிறியது. இத்தனை வருஷ வியாபாரம் இந்த ஒரு உதட்டில் தொங்கியது. அவர் சந்திரமதியைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார்.

சந்திரமதி முந்தானைக்குப் பதில் கெபாயாவின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கோயில் வகுப்புத் தமிழை எடுத்தாள்.

“பயப்படாதீர்கள். இவர் இங்கே வந்தால் எப்பொழுதும் இப்படித்தான். அளவு தெரியாமல் சாப்பிடுவார்.”

“ஆமா ஆமா!” என்று பாய்ந்தார் கலியாணசுந்தரம். “எப்பவும் இப்படித்தான்!”

கைகள் மறுபடி இலையில் இறங்கின. தம்பிராஜா தன் பெண்டாட்டியை வாய் பிளந்து பார்த்தான். மூட முடியவில்லை என்பது வேறு விஷயம். என்னிடம் பொய் சொல்லாதே என்றவள், எனக்காக ஊருக்கு ஒரு பொய்யைக் கண் இமைக்காமல் சொல்கிறாளே! அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மறுநாள் காலை மழை பிடித்துக்கொண்டது. விட்டதும் சுதந்திர விழா நடக்கிற ஸ்டேடியத்தை நோக்கி ஜனம் வெள்ளமாகப் போக, இவர்களும் போனார்கள். உள்ளே இடமில்லை, வெளியே மேட்டில் நின்றார்கள். ‘மெர்டேக்கா!’ என்று உள்ளிருந்து எழுந்த சுதந்திர கோஷத்தை வெளியே நின்றவர்களும் வாங்கிக் கத்தினார்கள். தம்பிராஜா கத்திப் பார்த்தான். ‘மெ’ என்பதற்குமேல் உதடு ஒத்துழைக்கவில்லை. ஆட்டுக்குட்டி மாதிரி மெ, மெ என்று நின்றான். அவன் பங்குக்கும் சேர்த்துச் சந்திரமதிதான் கத்தினாள். நாடு பேச ஆரம்பித்த நாளில் தம்பிராஜா பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் பேசாமல் இருந்தான்.

அங்கே ஒரு போட்டோக்காரன் இருவரையும் நிற்கவைத்து எடுத்துக் கொடுத்தான். அது இப்போது கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. இரண்டிலும் ஒரே உதடு. தெய்வநாயகம் பிள்ளை வந்து மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“கோலாலம்பூர்லயும் குளவியா?”

“ஆமாப்பா” என்றாள் சந்திரமதி. “அங்க இன்னும் பெருசு.”

தம்பிராஜா பழையபடி கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். ஆனால் இப்போதெல்லாம் யாராவது, “தம்பி கோலாலம்பூருக்கு எத்தனை தடவை போயிருப்பீங்க?” என்று கேட்டால், “ஒரே தடவை” என்கிறான். கேட்டவர்கள் கண்ணடித்துச் சிரித்துவிட்டு டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போகிறார்கள். இந்த ஊரில் அதை நம்புகிறவள் ஒருத்திதான். அவளும் சாப்பாட்டுத் தூக்கோடு பின்னால் நின்றுகொண்டு, “சும்மா சொல்றாரு, நம்பாதீங்க” என்கிறாள்.